எல்லைக்கல் நட்டால் மட்டும் காடு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உவர்மலையில் ஒரு கடைவாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சிங்கராஜ மழைக்காட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர், நன்றாகப் படித்தவர், சட்டென்று சொன்னார்: "அது தெற்கில இருக்கிற காடு சேர். அங்க என்ன நடந்தா எங்களுக்கென்ன? எங்கட காணிப் பிரச்சினையே இன்னும் தீரேல்ல." எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதியைப் பற்றி நானும் கீழே எழுதத்தான் போகிறேன். ஆனால் மற்றப் பாதிக்கு அங்கே நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அதிலேயே நின்றது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993இல் எனக்குச் சிங்கராஜவை ஒட்டிய தெனியாயப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த மழையை முதலில் நம்பவே முடியவில்லை. எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, அப்புறம் மாதக்கணக்காக வெயில். அங்கே வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும், உடுப்பைக் காயப்போட்டால் மூன்றாம் நாளும் ஈரமாகவே கிடக்கும். தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும், எந்தப் பக்கம் காலை வைத்தாலும் அட்டை ஏறும். மூன்று வருடம் அங்கே படிப்பித்தேன். பிள்ளைகளுக்கு நான் கணக்கும் சமயமும் சொல்லிக்கொடுத்தேன். காட்டைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் தோட்டத்துக்கு அந்தப்பக்கம் கிராமத்தில் இருந்த ஒரு கித்துள் சீவுகிற ஐயா. தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார், எனக்கு அரைகுறைச் சிங்களம், அது எங்கள் இரண்டு பேருக்கும் தாராளமாகப் போதுமாக இருந்தது.

கித்துள் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாணியும் கருப்பட்டியும்தான் தெரியும், கடையில் வாங்குகிறோம், வெண்தயிரில் ஊற்றிச் சாப்பிடுகிறோம். மரத்தை நான் அங்கேதான் பார்த்தேன். தென்னை மாதிரி உயரமாகப் போகும், அதன் பாளையை மருந்து கட்டிப் பதப்படுத்தி, விடியவும் பின்னேரமும் நுனியை மெல்லிய தாளாகச் சீவி முட்டியைக் கட்டிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பாளை அடைத்துப்போகும். அந்த ஐயா மூங்கிலும் காட்டுக்கொடியும் கட்டிய ஒரு வழியில் வெறுங்காலோடு ஏறுவார், மழை பெய்தாலும் ஏறுவார். ஒருமுறை கேட்டேன், ஏன் ஐயா இதை வீட்டு வளவில் வரிசையாக நட்டுவிட்டால் காட்டுக்குள் அலையத் தேவையில்லையே என்று. அவர் சிரித்துவிட்டு ஒரு கல்லின் மேல் கிடந்த மரநாயின் எச்சத்தைக் காட்டினார். அதற்குள் கித்துள் விதை. மரநாய் பழத்தைத் தின்று எங்கே போடுகிறதோ அங்கேதான் கித்துள் நல்லாக முளைக்கும் என்றார், மரநாய் இல்லாவிட்டால் தனக்கு அடுத்த மரம் இல்லை, தன் மகனுக்கும் இல்லை. அதனால் அவருடைய ஊரில் மரநாயைக் கல்லால் எறிந்தால் பெரியவர்கள் ஏசுவார்கள். மரநாய்க்குப் பழம் தருகிற மற்ற மரங்களையும் ஒருவரும் தொடமாட்டார்கள். எந்தத் திணைக்களமும் வந்து அவருக்கு இதைப் படிப்பிக்கவில்லை. கித்துளைத் தறித்தால் உள்ளே இருக்கிற சோற்றை இடித்து ஒருமுறை மா எடுக்கலாம், சீவினால் பல வருடம் வருமானம், இந்தக் கணக்குத் தெரிந்தவன் கோடரியோடு வருபவனைத் தானாகவே மறிப்பான்.

சரி, அந்தக் காட்டுக்கு என்ன ஆபத்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகை செய்வதற்காக அரசாங்கமே சிங்கராஜவுக்குள் இயந்திரங்களை இறக்கி மரம் தறிக்கத் தொடங்கியது. இன்றைக்கு உல்லாசப் பயணிகள் குடாவப் பக்கமாக நடந்து போகிற அகலமான பாதை அந்த மரங்களை ஏற்றி இறக்க வெட்டிய றோட்டுத்தான். நாட்டில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக இருந்த திலோ ஹொஃப்மன், சுவிற்சர்லாந்தில் பிறந்து இங்கே வாழ்ந்தவர், அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்தினார். 1977இல் மரம் தறிப்பது நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடம் என்று அறிவித்தார்கள், 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்தது 8,864 ஹெக்டேயர், 21 கிலோமீற்றர் நீளமான ஒரு ஒடுங்கிய கீற்று. அவ்வளவுதான். அதற்குள் நிற்கிற மரங்களில் பாதிக்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

நான் தெனியாயவில் இருந்த காலத்தில் இரவில் காட்டிலிருந்து ஒரு சின்ன ஆந்தைக் குரல் வரும் என்று ஊர் ஆட்கள் சொல்வார்கள், நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு பத்திரிகையில்தான் வாசித்தேன்: தீபால் வறக்காகொட என்ற பறவை ஆய்வாளர் 1995இல் மழைக்காட்டில் இனந்தெரியாத ஒரு ஆந்தைக் குரலைக் கேட்டு, அதன் பின்னாலேயே திரிந்து, 2001இல் சிங்கராஜவில் அதைக் கண்ணால் கண்டாராம். 2004இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது திலோ ஹொஃப்மனின் பெயரைத்தான் வைத்தார்கள். 1977இல் அந்த இயந்திரங்களை நிறுத்தியிருக்காவிட்டால் அந்த ஆந்தை இருந்ததென்றே ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகும்.

ஆனால் இயந்திரத்தை வெளியே அனுப்பியது பாதி வேலைதான். மரபுரிமை என்று சொல்லிக் கோடு கீறியவுடன் அந்தக் கித்துள் ஐயா மாதிரியான ஆட்கள் தங்கள் காட்டுக்குள்ளேயே களவாகப் போகிறவர்கள் ஆகிவிட்டார்கள். பிரம்பு, ஏலம், மரமஞ்சள், எல்லாம் தடை. மரமஞ்சளை உங்களுக்கும் தெரியும், சிங்களத்தில் வெனிவெல்கெட்ட என்பார்கள், தடிமன் காய்ச்சல் வந்தால் எங்கள் வீடுகளிலும் கொத்தமல்லியோடு போட்டு அவிக்கிறோமே, அது இந்த மாதிரிக் காடுகளில் இருந்து வருவது. தடைபோட்ட ஊர் எப்படி நடக்கும்? கண்டும் காணாமல் இருக்கும். வெளியிலிருந்து மரம் திருட வருபவனைக் காட்டிக்கொடுக்காது. பிறகு மெல்ல மெல்ல வழி மாறியது, கித்துள் சீவ அனுமதி கொடுத்தார்கள், ஊர்ப் பொடியன்களை வழிகாட்டிகளாகப் பழக்கினார்கள், காட்டுக்குள் போகிற பயணி ஒரு வழிகாட்டியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று வைத்தார்கள், ஊர்களில் காட்டைக் காக்கிற சங்கங்கள் வந்தன. நான் அங்கிருந்து வரும்போது அந்த ஐயாவின் தம்பி மகன் ஒருவன் வழிகாட்டி வேலைக்குப் பழகிக்கொண்டிருந்தான்.

அவனோடு ஒருநாள் போனேன். ஒரு மணித்தியாலம் ஒன்றுமே இல்லை, மழைத்துளி விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் அவன் கையைக் காட்டி நிற்கச் சொன்னான். முதலில் ஒரு கலகலப்பு, எங்கள் ஊர்ப் புலுனிகள் மாதிரியே, ஆனால் சொண்டு செம்மஞ்சள். அதற்குப் பின்னால் கொண்டை வைத்த ஒரு கரிக்குருவி, அதற்குப் பின்னால் இன்னொன்று, மேலே நீலமும் செம்பழுப்புமாக நீண்ட வாலோடு ஒரு பெரிய பறவை, எல்லாம் ஒன்றாக, ஒரே திசையில், ஒரு ஊரே கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி மரத்துக்கு மரம் போயின. பத்து நிமிடத்தில் கடந்துவிட்டன. புலுனிகள் பூச்சிகளைக் கிளப்பிவிடும், பறந்து தப்புவதைக் கரிக்குருவி பிடிக்கும், வல்லூறு வந்தால் கரிக்குருவிதான் முதலில் கத்தும் என்று அவன் விளங்கப்படுத்தினான். பல்கலைக்கழக ஆட்கள் 1980களில் இருந்து இந்தக் கூட்டங்களை எண்ணி எழுதிவருகிறார்கள் என்றும், எந்த நேரத்தில் எந்த ஓடையைக் கடக்கும் என்று அவர்களுக்குச் சொல்வது தங்கள் ஊர் ஆட்கள்தான் என்றும் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையை இப்போதும் மறக்கவில்லை. அந்தப் பொடியன் காட்டைக் காப்பான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அகில் மாதிரி வாசனை தருகிற வல்லப்பட்டைக்காக மரத்தைச் சிதைக்கிறவர்கள் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்தப் பக்கக் காடுகளில் புகுந்து திரிகிறார்கள், வாசனைப் பொருள் செய்ய வெளிநாட்டில் அதற்குப் பெரிய விலை. 2020இல் லங்காகம றோட்டுப் பிரச்சினை வந்தது. காட்டோரமாக றோட்டை அகலப்படுத்தியதும் கொழும்பில் இருந்தவர்கள் கொதித்தார்கள், கொதித்தது சரிதான், ஆனால் அந்த ஊர்ச் சனங்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நல்ல பாதை இல்லாமல் எத்தனை வருடம் கேட்டுக்கொண்டு இருந்தார்கள் என்பதை ஒருவரும் பேசவில்லை. காடும் கெடாமல் ஆம்புலன்சும் போகிற மாதிரி ஒரு பாதை எப்படிப் போடலாம் என்று அந்த ஊரோடு முதலே இருந்து பேசியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு மழைக்காட்டோடு என்ன உறவு என்று கேட்பவர்கள் வால்பாறையைப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலைக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள், சுற்றிவர காடு, தோட்டத்துக்கு நடுவிலும் துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் சிங்கவால் குரங்கும் இருவாச்சிப் பறவையும் இருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் 20 வருடத்துக்கு மேலாகத் தோட்ட நிர்வாகங்களைச் சம்மதிக்க வைத்து, காட்டு மரங்களின் விதையைப் பொறுக்கி, நாற்றாக வளர்த்து, சிதைந்த துண்டுகளில் நட்டுவருகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது யானை விசயம். அங்கே யானையால் செத்தவர்கள் பலர் இருட்டில் வீட்டுக்கு நடந்து வந்த தொழிலாளர்கள், யானை நிற்பது தெரியாமல் கிட்டப் போனவர்கள். யானை எங்கே நிற்கிறது என்று சனங்களுக்கு முன்கூட்டித் தெரிந்தால் பாதி ஆபத்துப் போய்விடும் என்று கண்டுபிடித்து, உள்ளூர்த் தொலைக்காட்சியில் அறிவித்தல், கைபேசிக்குக் குறுஞ்செய்தி, சந்தியில் சிவப்பு விளக்கு என்று ஒழுங்குசெய்தார்கள். அந்த விளக்கை ஊர் ஆட்களே தங்கள் கைபேசியால் எரிய வைக்கலாம். இதற்குப் பின்னால் நின்ற ஆனந்தகுமார் என்ற ஆய்வாளருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்குக் கொடுக்கிற விட்லி விருது கிடைத்தது. லயத்தில் இருக்கிற அம்மா ஒருவர் கைபேசியை அழுத்தினால் சந்தியில் விளக்கு எரிகிறது, பத்துப் பேர் வேறு வழியால் போகிறார்கள், யானையும் தன்பாட்டில் போகிறது. கேரளாப் பக்கம் வாழச்சால் காட்டில் காடர் இன மக்கள் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள், எந்த மரப்பொந்தில் எந்தச் சோடி குஞ்சு பொரித்தது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். எங்களிடம் மழைக்காடு இல்லை, அது உண்மை. சிங்கராஜவில் பெய்கிற மழை களு கங்கைக்கும் ஜின் கங்கைக்கும் போகுமே தவிர எங்களிடம் வராது. ஆனால் நக்கிள்ஸ் மலைக்காடும் ஹோட்டன் சமவெளியும் பிடித்து வைக்கிற தண்ணீர் மகாவலியாக 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது, வெருகலாற்றின் தண்ணீரை நம்பித்தான் அல்லைப் பக்கத்து வயல் விளைகிறது. மலையில் மரம் போனால் இங்கே ஒரு போகம் வெள்ளம், மறுபோகம் வறட்சி. அந்தத் தம்பிக்கு என் முதல் பதில் இது.

இரண்டாவது பதில், எங்கள் காட்டைப் பற்றியது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கிற காடு. பார்க்கச் சிங்கராஜ மாதிரி இருட்டாக, பாசி பிடித்து இராது, கோடையில் வெளிறிப்போய் நிற்கும். ஆனால் வைகாசி, ஆனியில் பாலை பழுக்கிற நேரம் அதற்குள் போய்ப் பாருங்கள், கரடி, மந்தி, குரங்கு, கிளி, எல்லாம் அந்த மரத்தில்தான். கரடி பாலைப்பழத்துக்காக மரத்தில் ஏறிக் கொப்பை முறித்துப் போட்டிருக்கும். எங்கள் அம்மாவின் ஊர் திரியாய்ப் பக்கம், சின்ன வயதில் நாங்கள் ஓலைப்பெட்டி நிறையப் பாலைப்பழம் பொறுக்குவோம், பால் உதட்டில் ஒட்டி இரண்டு நாளைக்குப் போகாது. அந்தக் காடு போர்க்காலத்தில் ஒரு பக்கம் தப்பியது, இன்னொரு பக்கம் பாதுகாப்புக்கென்று அள்ளித் துடைத்துப்போட்டார்கள். போருக்குப் பிறகு போனது அதைவிட வேகமாகப் போகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஊரில் ஒரு உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். இரவு ஒன்றரை மணி இருக்கும், விளக்கில்லாமல் ஒரு உழவு இயந்திரம் ஒழுங்கையால் போகிற சத்தம். விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால் மணலில் பாரம் ஏற்றிய பெட்டியின் தடம் ஆழமாகக் கிடந்தது, வழியில் வைக்கோலும் ஒன்றிரண்டு பட்டைத் துண்டும் சிந்தியிருந்தன. எடுத்து மணந்து பார்த்த மச்சான் "முதிரை" என்றார். வைக்கோலுக்குக் கீழே மரம். யார் கொண்டுபோனது என்று ஊருக்கே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மச்சான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நாங்கள் வேலிக்கு ஒரு கதியால் வெட்டினா வழக்கு. அவன் லொறிக்கணக்கில கொண்டுபோறான், அவனுக்கு ஒண்டுமில்ல. காடு அவங்கட எண்டு கல்லு நட்டுப்போட்டாங்கள், அப்ப அவங்களே பார்க்கட்டும்."

அந்தத் தேத்தண்ணிக் கடைத் தம்பி சொன்னதில் உண்மையான பாதி இதுதான். இடம்பெயர்ந்து முகாமிலும் இந்தியாவிலும் வருடக்கணக்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பின சனங்கள், தங்கள் தாத்தா செய்த வயலும் மேட்டுக்காணியும் பற்றை வளர்ந்து கிடக்க, அதற்குள் காடு என்று அரசாங்கம் நட்ட எல்லைக்கல் நிற்பதைக் கண்டார்கள். எங்கள் குடும்பத்துக் காணியிலும் ஒன்று நிற்கிறது. உறுதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே வரைபடம் தங்களிடம் இல்லை என்றார்கள், திரும்பவும் முதல் இடம். நான்கு தடவை போனேன். ஒரு முதிரை மரத்தைக்கூடத் தறிக்காத குடும்பம் எங்களுடையது, கிணற்றடியில் நின்ற விளாவையே வெட்ட மனம் வராமல் சுவரை வளைத்துக் கட்டியவர் என் தகப்பன். அப்படிப்பட்ட எங்களையே காட்டுக்கு எதிராளி ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் மனவருத்தம், காணிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காடு பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனத்துக்கு இப்போது பயம் வருகிறது. காணி போகப்போகிறது என்ற பயம். அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் எத்தனை கல் நட்டாலும் இரவில் உழவு இயந்திரம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

யானை விசயத்திலும் இதே கதைதான். 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள். 2023 ஒரு வருடத்தில் மட்டும் 400க்கும் மேற்பட்டவை செத்தன, 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். எங்கள் மாவட்டத்திலும் கந்தளாய், முதலிக்குளம், சேருவில, வெருகல் என்று எந்தப் பக்கம் போனாலும் யானை வந்த கதை கேட்கலாம். காட்டின் எல்லையில் போடுகிற மின்சார வேலிக்கு இரண்டு பக்கமும் காடாக இருந்தால் அந்த வேலி யாரையும் காக்காது, யானை இரண்டு பக்கமும்தான் நிற்கும், முறிந்த தூணை மாற்ற ஆளும் வராது. ஆனால் வடமேல் மாகாணப் பக்கத்தில் சில ஊர்களில் கமக்காரர் தாங்களே சேர்ந்து வயலைச் சுற்றி மட்டும் வேலி போடுகிறார்கள், விதைப்புக்குப் போட்டு அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். யானை வந்து அடிக்கட்டையைத் தின்றுவிட்டுப் போகும். முறை வைத்துக் கம்பியைப் பார்க்கிறார்கள், தன் வயலுக்கான வேலி என்பதால் ஒருவரும் ஏமாற்றமாட்டார்கள். 2020இல் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் நியமித்த குழு தயாரித்த தேசியத் திட்டத்திலும் ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் மக்களே பராமரிக்கிற வேலிகளைத்தான் முதன்மையாகச் சொன்னார்கள். அது எங்கள் கமக்கார அமைப்புகளுக்குச் செய்ய முடியாத வேலையா? குளத்து வாய்க்காலைக் காலகாலமாக முறைவைத்துத் துப்புரவு செய்கிற சனங்கள் நாங்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். மாவட்டம் முழுவதற்கும் வேண்டாம், ஒரே ஒரு ஊரில் தொடங்குங்கள். குளத்துக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கத்துக் காடு ஒன்றைத் தெரிவுசெய்து, முதலில் அந்த ஊரின் காணிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுங்கள், உறுதி உள்ளவர் காணியில் நிற்கிற கல்லைப் பிடுங்குங்கள். மிச்சக் காட்டுக்கு ஊர் ஆட்களோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள், பழம், தேன், விழுந்த விறகு, மூலிகை எடுக்கிற உரிமை ஊருக்கு, இரவில் வழி மறிக்கிற பொறுப்பும் ஊருக்கு, மரத்தோடு பிடிபட்டவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வழக்குப் போடுகிற பொறுப்பு அரசாங்கத்துக்கு. இது நான் வானத்தில் இருந்து பிடுங்கிய யோசனை இல்லை. 1995ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையிலேயே மக்களோடு சேர்ந்து காட்டைப் பராமரிப்பது என்று இருக்கிறது, 2012இல் அவுஸ்திரேலிய உதவியோடு சமூக வனத் திட்டம் என்று ஒன்றை நாட்டின் பல மாவட்டங்களில் நடத்தினார்கள். அந்தக் குழுக்களில் பெண்கள் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம், விறகுக்கும் கீரைக்கும் காட்டுக்குள் அதிகம் போகிறவர்கள் அவர்கள், எந்தப் பக்கம் புதிதாக மரம் விழுந்திருக்கிறது என்பது ஆண்களுக்கு முன் அவர்களுக்குத் தெரியும். வெருகல், மூதூர்ப் பக்கத்தில் தமிழ் பேசுகிற வேடர் குடும்பங்கள் இருக்கின்றன, தேன் எடுக்கத் தெரிந்தவர்கள், எந்தப் பூ எந்த மாதம் என்று சொல்லத் தெரிந்தவர்கள். அவர்களைக் கலை நிகழ்ச்சிக்கு மேடை ஏற்றுவதோடு நிறுத்தாமல் சம்பளம் கொடுத்துக் காட்டுக்கு வழிகாட்டிகளாக்குங்கள். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிற பயணிகள் புறாத்தீவைப் பார்த்துவிட்டு ஹோட்டலில் படுத்துக் கிடக்கிறார்கள், ஒரு விடியப்புறம் அவர்களைப் பாலைக் காட்டுக்குக் கூட்டிப்போக ஊர்ப் பொடியன் ஒருவன் இருந்தால் வருவார்கள்.

காடு வேண்டாம், நகரத்துக்குள்ளேயே தொடங்கலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். போன மாதம் ஒரு பெண்மான், வயிற்றில் குட்டியோடு, அர்ச்சனைத் தட்டு வாங்கிய பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றது. நான் கிட்டப் போய் இழுத்தபோது பை பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, அதன் கண் என்னையே பார்த்தபடி. அந்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் கிடப்பது புதுச் செய்தி இல்லை. அந்தப் பாதையில் கடை வைத்திருக்கிற அக்காமார், தம்பிமார் சேர்ந்து இனிமேல் பையில்லை, ஓலைப்பெட்டியிலோ வாழையிலையிலோதான் கொடுப்போம் என்று முடிவெடுத்தால் ஒரு கிழமையில் முடிகிற வேலை. யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வனப்பகுதி, சரணாலயம் என்று அறிவிக்கிற வர்த்தமானிகள் வரும்போது அதில் எல்லைகள் பாகை, கலை என்றும் எங்களுக்கு விளங்காத பெயர்களிலும் இருக்கின்றன. ஊர் ஆட்கள் வாசித்தால் தங்கள் குளம் அதற்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரியாது. ஆட்சேபனை சொல்வதற்குத் தவணை கொடுத்தாலும் அது முடிந்த பிறகுதான் கல்லைக் காண்கிறார்கள். எங்கள் மாவட்டத்தைப் பற்றிய அறிவித்தல் எது வந்தாலும், ஊர்ப்பெயர், குளத்தின் பெயர், தமிழில் நாங்கள் கூப்பிடுகிற பெயர், எல்லாவற்றோடும் ஒரு சின்ன வரைபடமாக உங்கள் பத்திரிகையில் போடுங்கள். திரியாய், தென்னமரவாடி, சம்பூர், வெருகல் பக்கத்துப் பெயர்களைச் சரிபார்க்க ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். அம்மாவின் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் இன்னும் இருக்கிறார்கள், ஒவ்வொரு மடுவுக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் பெயர் தெரிந்தவர்கள், அதில் மூத்தவருக்கு 88 வயது, ஆகவே கொஞ்சம் கெதியாகச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.